திருவருகை: நோன்பிலிருந்து சந்தைக்கு

கிறிஸ்து பிறப்புக்கு முன்வரும் நான்கு ஞாயிறுகள் அடங்கிய நாட்களைத் தமிழ்க் கத்தோலிக்கர் இன்று திருவருகைக் காலம் என்கிறார்கள். முன்பு ஆகமன காலம் என்றார்கள். சீர்திருத்தச் சபைகளில் அட்வெந்து என்ற பெயரும் உண்டு. எல்லாவற்றுக்கும் பின்னால் நிற்பது வருகை என்று பொருள்படும் அத்வெந்துஸ் என்ற லத்தீன் சொல். அது கோயிலில் பிறந்த சொல் அன்று. உரோமைப் பேரரசன் ஒரு நகருக்குள் நுழையும் அரசச் சடங்குக்கும் அதுவே பெயர். குதிரைமேல் அமர்ந்து வலக்கையை உயர்த்தி வரும் பேரரசனின் உருவத்தோடு இச்சொல்லும் பொறித்த நாணயங்கள் கிடைத்திருக்கின்றன. நகரத்தார் ஊரை அலங்கரித்து, வாயிலுக்கு வெளியே போய் அவனை எதிர்கொண்டார்கள். லத்தீன் விவிலியத்தில் கிறிஸ்துவின் இரண்டாம் வருகையைக் குறிக்கவும் இச்சொல்லே வந்தது. ஆகவே இதற்குள் தொட்டில் குழந்தை மட்டும் இல்லை. தீர்ப்பிட வரும் அரசரும் இருக்கிறார்.

அந்த அரசரை எதிர்கொள்ளத் திருச்சபை தேர்ந்த வழி நோன்பு. 5ஆம் நூற்றாண்டில் பிரான்சின் தூர் நகர ஆயர் பெர்பெத்துவுஸ், புனித மார்ட்டின் விழாவான நவம்பர் 11 முதல் கிறிஸ்து பிறப்பு வரை வாரத்தில் மூன்று நாள் நோன்பு விதித்ததாகத் தூர் நகர கிரகோரியார் எழுதி வைத்திருக்கிறார். கிழக்குத் திருச்சபைகள் பலவற்றில் 40 நாள் நோன்பு இன்றும் உண்டு. மேற்கில் அது மெல்லத் தளர்ந்து கடமையிலிருந்தே நீங்கிவிட்டது. குருவின் ஊதா உடையும், ஞாயிறு திருப்பலியில் வானவர் கீதம் பாடாமல் விடுவதும் அதன் எச்சங்கள்.

நோன்பு தளர்ந்த இடத்தில் நாள் எண்ணும் பழக்கம் வளர்ந்தது. 1839இல் ஹாம்பர்க் நகரில் ஏழைச் சிறுவர்களுக்கு இல்லம் நடத்திய யோஹான் ஹின்ரிக் விகெர்ன், ஒரு வண்டிச் சக்கரத்தில் வார நாட்களுக்கு 20 சிறிய மெழுகுதிரிகளையும் ஞாயிறுகளுக்கு 4 பெரிய மெழுகுதிரிகளையும் பொருத்தி, நாளுக்கு ஒன்றாக ஏற்றினார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மியூனிக்கில் கெர்ஹார்ட் லாங் திருவருகை நாட்காட்டிகளை அச்சிட்டு விற்றார். பிறகு அவற்றின் சிறு கதவுகளுக்குப் பின்னால் சாக்லேட் வந்தது. இன்று அழகுசாதனப் பொருள்களும் வருகின்றன. கடையில் விற்கும் அந்த நாட்காட்டி பெரும்பாலும் டிசம்பர் 1இல் தொடங்குகிறது. உண்மையான திருவருகைக் காலமோ நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையில் வரும் ஞாயிறன்று தொடங்கும். எந்த ஆண்டிலும் விற்க வசதியாகக் காலமே நறுக்கப்பட்டிருக்கிறது. சந்தைக்காக விழா நாளே நகர்ந்ததும் உண்டு. 1939இல் அமெரிக்காவில் நன்றியறிதல் நாள் நவம்பர் 30இல் வரவிருந்தது. கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய விற்பனை நாட்கள் குறையும் என்று கடைக்காரர்கள் முறையிட, அதிபர் ரூஸ்வெல்ட் அதை முன்னால் இழுத்து 23ஆம் தேதியில் வைத்தார். சந்தை விழாவை அழிக்கவில்லை. விழாவை முன்னால் இழுத்துக் காத்திருப்பை விழுங்கிவிட்டது.

பேரரசனின் வரவுக்கே ஊர் செலவு செய்ததே, நாம் செலவு செய்தால் என்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆண்டுக்கு ஒருமுறை பிள்ளைக்குப் புத்தாடை எடுக்கும் குடும்பத்திடம் போய் நுகர்வு வெறி என்று பேசுவது அநியாயம். அந்த ஒரு மாத வியாபாரத்தை நம்பித் தையல்காரரும் சிறு கடைக்காரரும் இருக்கிறார்கள். ஆனால் அந்த ஊரார் அலங்கரித்தது வருகிறவனை எதிர்கொள்வதற்காக. நாமோ வாங்கி வாங்கிக் களைத்து, நள்ளிரவுத் திருப்பலியில் தூங்கி வழிகிறோம். நோன்புதான் இப்போது கடமை இல்லையே என்பது அடுத்த வாதம். கடமை போயிற்று, வாசகங்கள் போகவில்லை. லூக்கா நற்செய்தி வாசிக்கப்படும் ஆண்டில், திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறன்று, இரண்டு அங்கி வைத்திருப்பவர் இல்லாதவருக்கு ஒன்றைக் கொடுக்கட்டும் என்று திருமுழுக்கு யோவான் சொல்லும் பகுதி வருகிறது. துணிக்கடைகளில் கூட்டம் நெரியும் வாரம் அது. புத்தாடையை அந்த வாசகம் தடுக்கவில்லை. இரண்டாவது யாருக்கு என்றுதான் கேட்கிறது.

வாங்க வேண்டியதைத் திருவருகைக்கு முன்பே வாங்கிவிடுங்கள், இரண்டாவது அங்கியையும் சேர்த்து. அந்த நான்கு வாரங்களைச் செபத்துக்கும் ஒப்புரவுக்கும் விட்டுவையுங்கள். கிறிஸ்து பிறப்புக் காலம் டிசம்பர் 25இல் தொடங்கி, சனவரியில் ஆண்டவரின் திருமுழுக்கு விழா வரை நீள்கிறது. பலகாரத்துக்கும் விருந்துக்கும் உரிய நாட்கள் அவைதாம்.