மீட்புப் பணியில் செவிலியர்: ஒரு நூற்றாண்டுத் தொண்டு வரலாறு

செஞ்சி வட்டாரத்தில் மேல்சித்தாமூர் என்றவுடன் பார்சுவநாதர் கோயிலும், தமிழ்ச் சமணரின் தலைமைப் பீடமான ஜினகாஞ்சி மடமும் நினைவுக்கு வரும். தேன், ஊன், மது மூன்றையும் விலக்குவது சமண இல்லறத்தார் ஏற்கும் தொடக்க விரதங்களில் அடங்கும். குடியை விலக்குவதை அறமாகப் போற்றிய இம்மண்ணில், குடிக்கு ஆட்பட்டவரை நோயாளியாக ஏற்றுப் பேணிய செவிலியரின் வரலாற்றைப் பதிவு செய்வது நமக்குப் பெருமை.

தொடக்கம் 1926. அவ்வாண்டு சென்னை மாகாணத்தில் செவிலியர், மகப்பேறு உதவியாளர் பதிவுச் சட்டம் வந்தது. அதற்குமுன் 1908இலேயே இந்தியப் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கம் உருவாகியிருந்தாலும், பதிவேட்டில் பெயர் ஏறியவரே செவிலியர் என்ற நிலையை நமக்குத் தந்தது இந்தச் சட்டம்தான். நெறி தவறினால் பெயரை நீக்கும் அதிகாரமும் அதோடு வந்தது. 1947இல் இந்தியச் செவிலியர் கவுன்சில் சட்டம் நாடு முழுமைக்கும் ஒரே தரத்தை வகுத்தது.

1930களில் குடிநோயாளியை எந்த மருத்துவமனையும் எளிதில் சேர்த்துக்கொள்ளாது. 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பில் வில்சனும் டாக்டர் பாப் ஸ்மித்தும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்னும் குடிநோயாளிகளின் தன்னுதவி இயக்கத்தைத் தொடங்கினார்கள். 1939இல் அதே ஊரின் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில், நோயாளிகளைச் சேர்க்கும் பொறுப்பில் இருந்த கன்னியர் சிஸ்டர் இக்னேஷியா, ஒரு குடிநோயாளியை இரைப்பை அழற்சி என்று எழுதித் துணிந்து சேர்த்தார். நோயாளியோடு தனியே பேச இடம் வேண்டும் என்றார் டாக்டர் பாப். பூக்களை அடுக்கி வைக்கும் சிற்றறைக்குள் கட்டிலைத் தள்ளிவிட்டார் சிஸ்டர். குடிநோயாளிகளுக்கு மருத்துவமனைக் கதவு திறந்தது அப்படித்தான். ஒரு பெண்மணியின் மனத்துணிவே அதற்குக் காரணம் என்பதை நம் இளைய செவிலியர் அறிய வேண்டும்.

அதே காலத்தில் தமிழகம் குடியைச் சட்டத்தால் தடுக்க முயன்றது. 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். 1948இல் அது மாகாணம் முழுவதும் பரவியது, 1971இல் தளர்த்தப்பட்டது.

1979 நம் வரலாற்றில் துயரமான ஆண்டு. முன்னாள் மத்திய நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரியின் பேரன் ரங்கநாதன் குடிநோயால் மறைந்தார். இளம் வயதில் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன், அந்தத் துயரத்தோடு முடங்கிவிடவில்லை. அமெரிக்காவின் ஹேசல்டன் குடிநோய்ச் சிகிச்சை மையத்தில் பயிற்சி பெற்றுத் திரும்பி, 1980இல் கணவர் பெயரிலேயே சென்னையில் ஆராய்ச்சி அறக்கட்டளையை நிறுவினார். அதுவே டி.டி.கே. மருத்துவமனையாக வளர்ந்தது. குடி ஒரு நோய், குடும்பத்துக்கும் சேர்த்தே சிகிச்சை வேண்டும் என்ற கருத்து தமிழகத்தில் வேரூன்றியது இங்கிருந்துதான்.

இத்தகைய வார்டில் செவிலியரின் பங்கு என்ன என்பதை அங்கே இரவுப் பணி பார்த்தவர்களே அறிவர். கடைசியாகக் குடித்துச் சில மணி நேரத்தில் கை நடுங்கத் தொடங்கும். தம்ளர் தண்ணீரை வாய்வரை கொண்டுபோக முடியாது. இரண்டாம், மூன்றாம் நாள்தான் ஆபத்து. சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், கட்டிலை விட்டு இறங்கி ஓடுவார், வலிப்பு வரும். குளுக்கோஸ் டிரிப்ஸ் ஏற்றுமுன் தயமின் ஊசி போட்டாயிற்றா என்று பார்ப்பதும், நாடித்துடிப்பைக் குறித்துக்கொண்டே அவர் பெயரைச் சொல்லி அழைத்து நிதானத்துக்குக் கொண்டுவருவதும் செவிலியரே. வெளியே பெஞ்சில் விழித்திருக்கும் மனைவிக்குத் தைரியம் சொல்வதும் அவர்தான்.

1989இல் இப்பணி கிராமத்துக்குச் சென்றது. அன்றைய தஞ்சை மாவட்டத்து மஞ்சக்குடியில் நடந்த 15 நாள் முகாம், நகரத்துக்கு வர வசதியற்ற உழவர்களுக்கு ஊரிலேயே சிகிச்சை அளித்தது. அந்த அனுபவம் 1994இல் பன்னாட்டு ஆய்விதழிலும் வெளியானது. சாந்தி அம்மையாருக்கு 1992இல் பத்மஸ்ரீ கிடைத்தது. 1999இல் ஐக்கிய நாடுகளின் வியன்னா குடிமைச் சமூக விருது முதன்முதலாக வழங்கப்பட்டபோது அதைப் பெற்றவர்களுள் அவரும் ஒருவர்.

இதே 1980களில், தாமே போதைக்கு ஆட்பட்டு நோயுற்ற செவிலியரை என்ன செய்வது என்ற கேள்விக்கும் விடை பிறந்தது. இரவுப் பணி, ஆளைத் தூக்கித் தூக்கித் தேய்ந்த முதுகு, கைக்கெட்டும் தூரத்தில் பெத்திடின், மார்ஃபின் போன்ற போதை தரும் வலிநீக்கிகள். இரட்டைப் பூட்டு அலமாரியும் இருவர் கையெழுத்திடும் பதிவேடும் இருந்தும், ஆம்பூல் கணக்கு குறையும் நாள் வந்துவிடுகிறது. அதுவரை அதன் பொருள், பதிவு ரத்து ஒன்றே. 1982இல் அமெரிக்கச் செவிலியர் சங்கம், அத்தகையவருக்குத் தண்டனைக்கு முன் சிகிச்சை என்று தீர்மானித்தது. 1983இல் ஃபுளோரிடா மாநிலம் அதற்கெனத் தனித் திட்டமே தொடங்கியது. செவிலியர் பணியிலிருந்து விலகிச் சிகிச்சை பெறுவார். எழுத்து ஒப்பந்தப்படி, முன்னறிவிப்பின்றி அழைக்கும் நாளில் சிறுநீர்ப் பரிசோதனைக்கு வருவார், சக செவிலியர் குழுவில் வாரந்தோறும் அமர்வார். பணிக்குத் திரும்பியபின்னும் சில காலம் அலமாரிச் சாவி அவர் கைக்கு வராது. மேற்பார்வையாளர் அறிக்கை அனுப்புவார். பல மாநிலங்களில் இது மூன்று முதல் ஐந்து ஆண்டு நீளும். நோயாளியின் பாதுகாப்பையும் செவிலியரின் பிழைப்பையும் ஒருசேரக் காத்த இம்முறை, நம் தொழில் உலகுக்குத் தந்த கொடைகளில் ஒன்று என்றே நாம் கருதுகிறோம்.

நம் நாட்டின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மதுவாலும் போதைப்பொருளாலும் வரும் மனநிலைப் பாதிப்புகளை மனநோய் என்ற வரையறைக்குள் கொண்டுவந்தது. சிகிச்சை பெறும் உரிமையையும், அதன் விவரம் வெளியே போகாத உரிமையையும் உறுதி செய்தது. வெள்ளுடை அணிந்தவருக்கும் அது பொருந்தும்.

2023 மே மாதம் நம் விழுப்புரம் மாவட்டத்திலேயே, மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் பல உயிர்களைக் குடித்தது. முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனையிலும் புதுச்சேரி ஜிப்மரிலும் செவிலியர் உறக்கமின்றி உழைத்தனர். ஓராண்டுக்குப் பின், 2024 ஜூனில், கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அதைவிடப் பெரிய கொடுமை நேர்ந்தபோதும் அப்படியே நின்றனர். அவர்களையும், தாமே நோயுற்று மீண்டு மறுபடி பணியேற்ற சகோதர சகோதரிகளையும் இம்மலர் நன்றியோடு வணங்குகிறது.