மலைச்சாரலில் ஓர் இசையவை

நல்ல பாட்டொன்றைக் கேட்டு மகிழ்ந்தவன் அதைப் பிறரிடம் சொல்லாமல் இருத்தல் அரிது. கச்சேரி முடிந்து வீடு திரும்புவோர் வழிநெடுகிலும் அதைப் பற்றியே பேசிச் செல்வதை எந்த ஊரிலும் காணலாம். இன்னார் பாடிய இராகம் இன்னவாறு இருந்தது, இன்னார் வாசிப்பில் சபையே மெய்ம்மறந்தது என்று பல ஆண்டுகள் கழிந்த பின்னரும் எடுத்துரைப்பர். கேட்போரும் தாம் கேட்டவற்றைச் சொல்வர். இவ்வாறு ஒருவர் சுவையை மற்றொருவர் அறிந்து போற்றும் கூட்டத்தையே இரசிகர் அவை என்கிறோம்.

சென்னை மாநகரில் 1927ஆம் ஆண்டுக் காங்கிரஸ் மகாநாட்டையொட்டி நிகழ்ந்த இசை மகாநாட்டின் பயனாக, 1928இல் சங்கீத வித்வத் சபை தோன்றியது. 1943இல் தமிழ் இசைச் சங்கம் எழுந்தது. மண்டபமும் மேடையும், அழைப்பிதழும் பத்திரிகை விமர்சனமும் சேர்ந்து அங்கே இரசிகர் கூட்டத்தை வளர்த்தன. இவற்றுள் ஒன்றேனும் இல்லாத இடத்தில் அத்தகைய கூட்டம் உருவாகுமா? உருவாகும் என்பதற்கு இலங்கையின் மத்திய மலைநாட்டிலே, தேயிலைக் குன்றுகள் சூழ்ந்த திம்புள்ளப் பிரதேசத்தின் வரலாறு சான்று பகர்கின்றது.

நுவரெலியாவுக்கு மேற்கே, தலவாக்கலை, லிந்துலை, ஹட்டன் முதலிய ஊர்களைத் தழுவிப் பரந்து கிடப்பது திம்புள்ள. முதலில் இங்கே வளர்ந்தது கோப்பி. 1869இல் இலங்கையில் தோன்றிய இலைநோய் கோப்பிச் செடிகளை அழித்தது. அதன் பின்னர் அம்மலைகளிலே தேயிலை தழைத்தது. 1885இல் புகையிரதப் பாதை நானுஓயாவை எட்டியதும் தோட்டங்கள் மேலும் பெருகின. அத்தோட்டங்களில் உழைப்பதற்கென்று திருச்சி, மதுரை, சேலம், தஞ்சை முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழ் மக்கள் வந்து சேர்ந்தனர். அவர்களுக்குக் கிடைத்த இருப்பிடம் லயன் காம்பரா. ஏறக்குறைய 10 அடிக்கு 12 அடி அளவான ஓர் அறையில் ஒரு குடும்பம் முழுவதும் வாழ வேண்டியிருந்தது. வந்தவர்கள் கையில் கொணர்ந்த பொருள் சொற்பம். நெஞ்சிற் கொணர்ந்த பாட்டும் கூத்தும் மிகுதி.

அவ்வாறு கடல் கடந்து வந்த வாத்தியங்களுள் முதன்மையானது தப்பு. தோட்ட வாழ்க்கை அதற்கு இரட்டைத் தொழிலை அளித்தது. விடியுமுன்னே தொழிலாளரைத் துயிலெழுப்பிப் பெரட்டுக் களத்துக்கு அழைத்தது அதே தப்புத்தான். குளிரிலும் மழையிலும் அவ்வோசை கேட்டவுடன் எழுந்து செல்லல் வேண்டும். தாமதித்தால் அன்றைய பெயர் விழாது. ஆகவே பெரட்டுத் தப்பு கட்டளையின் குரலாயிற்று. ஆனால் மாசி மாதம் பிறந்ததும் அதே தோற்கருவி இரவெல்லாம் வேறொரு மொழி பேசிற்று. அதுவே காமன் கூத்து.

மாசி அமாவாசைக்குப் பின் மூன்றாம் பிறை தென்படும் நாளில் கம்பம் ஊன்றிக் காமன் கூத்தைத் தொடங்குவர். கூத்து நிகழும் வெளிக்குக் காமன் பொட்டல் என்று பெயர். சிவபிரானின் தவத்தைக் கலைக்கத் தேவர்கள் மன்மதனை ஏவுகின்றனர். போக வேண்டாம் என்று இரதி தடுக்கின்றாள். அவன் கேளாது சென்று அம்பெய்து, நெற்றிக்கண் நெருப்பில் எரிந்து போகின்றான். இரதி அழுது புலம்புகின்றாள். முடிவில் காமன் உயிர் பெறுகின்றான். கதை எல்லோரும் அறிந்ததே. அறிந்த கதையைக் காண ஆண்டுதோறும் மக்கள் ஏன் திரண்டனர் என்று கேட்கலாம். தியாகராஜர் கீர்த்தனையை நூறு முறை கேட்டவர் நூற்றோராம் முறையும் கேட்கச் செல்வது எதற்காகவோ அதற்காகவேதான். இவ்வாண்டு இரதி வேடம் புனைந்தவர் எப்படிப் பாடுகிறார், தப்படிப்போர் அடியை எங்கே மாற்றுகின்றனர், பக்கத்துத் தோட்டத்துக் கூத்தை இது விஞ்சுமா என்பவையே அங்கே எழுந்த வினாக்கள்.

கூத்துத் தொடங்குமுன் கடவுளை வணங்கியபின் சபையையும் வணங்கிப் பாடுதல் தமிழ்க் கூத்துகளின் பொது மரபு. திறந்த வெளியிலே, பனியில், கம்பளி போர்த்து அமர்ந்திருந்த கூலித் தொழிலாளர் அந்த வணக்கத்துக்கு உரிய சபையினராயினர். பகல் முழுதும் கங்காணியின் அதட்டலுக்கும் துரையின் ஆணைக்கும் உட்பட்டிருந்தவர்கள், இரவில் கலைஞனின் குற்றங்குணங்களை ஆராய்ந்து சொல்லும் உரிமை பெற்றனர். மறுநாள் மலையிலே கொழுந்து கொய்யும் நிரைகளில் முந்தைய இரவின் கூத்தே பேச்சாயிற்று. பத்திரிகை விமர்சனம் என்பது அவர்களிடையே இவ்வாறு வாய்மொழியாக நிகழ்ந்தது.

ஈண்டு ஒரு குறையையும் மறைத்தலாகாது. தப்படிக்கும் கலைஞர் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினர். கூத்துக்கும் திருவிழாவுக்கும் மரணச் சடங்குக்கும் அவர்களது கருவி இன்றியமையாததாக இருந்தது. ஆயினும் அதை வாசித்தவரைச் சமமாக மதிக்கும் மனம் எல்லோரிடத்தும் இருக்கவில்லை. தாளத்துக்குத் தலையசைத்தவர்களே தாளமிட்டவனைத் தள்ளி நிறுத்தினர். ஒரே துயரத்தை அனுபவித்த மக்களிடையேயும் இவ்வேற்றுமை நிலவியது என்பதை வரலாறு குறித்துக் கொள்ளத்தான் வேண்டும்.

கூத்தைத் தவிர அன்றாட வாழ்விலும் பாட்டுக் குறைவில்லாதிருந்தது. தாலாட்டு, கும்மி, ஒப்பாரி ஆகியவை லயங்களில் ஒலித்தன. தொழிலின் களைப்பையும் கங்காணியின் கொடுமையையும் சொல்லும் பாட்டுக்கள் மலைமீது பிறந்தன. இவற்றைப் பாடினோர் பெயர் தெரியவில்லை. எனினும் அவற்றைக் கேட்டு மனத்திற் பதித்துக்கொண்ட ஒருவர் பெயர் தெரியும். தலவாக்கலையை அடுத்த மடகொம்பரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளையே அவர். கவிஞர், தொழிற்சங்கவாதி, 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினர் எனப் பல நிலைகளில் விளங்கிய அவர், தம் மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்தார். 1984இல் அவர் மறைந்தார். அத்தொகுப்பு ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்னும் நூலாக வெளிவந்தது. தமக்குப் பிடித்த பாட்டைப் பிறரும் அறிய வேண்டும் என்னும் இரசிகனின் ஆவலே அங்கு ஒரு சமூகத்தின் ஆவணமாயிற்று.

இசையைக் கொண்டு அம்மக்களை ஓரிடத்தில் கூட்டிய மற்றொருவர் மீனாட்சி அம்மாள். இவர் கோ. நடேசய்யரின் துணைவியார். நடேசய்யர் 1931இல் தோட்டத் தொழிலாளருக்கெனச் சங்கம் அமைத்து ஹட்டனைத் தம் களமாகக் கொண்டவர். 1936இல் அத்தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானவர். எழுத்தறிவு பரவாத அக்காலத்தில் துண்டுப் பிரசுரம் எத்தனை பேரைச் சென்றடையும்? ஆகையால் மீனாட்சி அம்மாள் மேடைகளிலே பாடினார். மக்கள் முன்னரே அறிந்து விரும்பிய மெட்டுக்களில் தொழிலாளர் நிலையை எடுத்துரைத்தார். பிடித்த மெட்டு என்பதால் செவி கொடுத்தவர்கள், பொருள் தம்முடையது என்பதால் மனத்தில் கொண்டனர். அவர் பாட்டுக்கள் ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்னும் பெயரில் 1940இல் நூலாயின. முந்திய ஆண்டில்தான் அரசாங்க நாட்கூலி வேலைகளிலிருந்து இந்தியர் நீக்கப்பட்டனர் என்பதை நினைத்தால், அப்பாட்டுக்களின் அவசரம் விளங்கும். சென்னையிலே கச்சேரி மேடையில் தமிழ்ப் பாட்டுக்கு இடமுண்டா என்னும் வாதம் சூடுபிடித்த காலமும் அதுவே. திம்புள்ளயில் அந்த வினாவே எழவில்லை. அங்கு அவைக்கும் பாட்டுக்கும் ஒரே மொழி.

நாடு 1948இல் சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழருள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1947இல் தம் பிரதிநிதிகளைத் தெரிந்தனுப்பியவர்கள் பின்னர் வாக்காளர் இடாப்பிலிருந்தும் நீக்கப்பட்டனர். இவ்விருண்ட காலத்தில்தான் வானொலி அவர்கள் வாழ்வில் புகுந்தது. கொழும்பில் 1925 டிசம்பரில் தொடங்கிய ஒலிபரப்பு, 1949இல் றேடியோ சிலோன் என்னும் பெயர் பெற்றது. மறு ஆண்டு வர்த்தக ஒலிபரப்பு ஆரம்பமாயிற்று. அந்நாளில் அகில இந்திய வானொலி, அமைச்சர் கேஸ்கரின் கொள்கைப்படி திரைப்பாடல்களை ஒதுக்கி வைத்திருந்தது. 1957இல் விவித் பாரதி தொடங்கும் வரை அந்நிலை நீடித்தது. ஆதலால் இந்தியாவிலிருந்த இரசிகர்களும் கொழும்பின் பக்கமே செவி சாய்த்தனர். மயில்வாகனன் போன்ற அறிவிப்பாளர்களின் குரல் பாக்கு நீரிணையின் இருகரையிலும் வீட்டுக் குரலாயிற்று.

லயன் காம்பராக்களில் மின்சாரம் இல்லை. வானொலிப் பெட்டி வாங்கும் வசதியும் சிலருக்கே இருந்தது. ஆகவே பெட்டியுள்ள இடத்தைத் தேடிப் பலர் சென்றனர். பிற்காலத்தில் மின்கலத்தில் இயங்கும் சிறு டிரான்சிஸ்டர்கள் வந்தபின், ஒரு காம்பராவில் பாடிய பெட்டியை மெல்லிய சுவருக்கு அப்பால் அண்டை வீட்டாரும் கேட்டனர். காமன் பொட்டலில் கூடிய அவை இப்போது லயத்து வாசலில் கூடியது.

அவ்வவையை நாடளாவ விரித்தவை நேயர் விருப்ப நிகழ்ச்சிகள். தமக்குப் பிடித்த பாடலைக் குறித்து நேயர்கள் ஒரு தபாலட்டை எழுதுவர். பாடலோடு விரும்பிக் கேட்டோரின் பெயரையும் ஊரையும் அறிவிப்பாளர் வாசிப்பார். ‘இசையும் கதையும்’ என்னும் நிகழ்ச்சியிலோ நேயர்களே கதை எழுதி, அதனிடையே பாடல்களைப் பொருத்தித் தந்தனர். யாழ்ப்பாணத்தாரும் மட்டக்களப்பாரும், கொழும்பாரும் மலைநாட்டாரும் ஒரே பாடலின் பெயரால் அடுத்தடுத்து நின்றனர். இதிலே ஒரு நுட்பம் உண்டு. பிரஜைகள் பதிவேட்டில் இடம்பெறாத ஒரு தொழிலாளியின் பெயரை, அவன் வாழும் தோட்டத்தின் பெயருடன், நாட்டின் வானொலி உரத்துச் சொல்லிற்று. சட்டம் ஏற்க மறுத்த முகவரியை இசை ஏற்றுக்கொண்டது. அது உரிமை ஆகாது. வயிற்றுக்குச் சோறும் ஆகாது. எனினும் தாமும் இந்நாட்டின் சபையில் அமர்ந்திருப்பவரே என்னும் உணர்வை அது அளித்தது.

பின்னர் 1964ஆம் ஆண்டு வந்தது. சிறிமாவோ பண்டாரநாயக்கா, லால் பகதூர் சாஸ்திரி ஆகியோர் செய்த ஒப்பந்தப்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கும், 3,00,000 பேர் இலங்கைக்கும் எனப் பகுக்கப்பட்டனர். எஞ்சிய 1,50,000 பேரின் கதி பின்னர் 1974இல் தீர்மானிக்கப்பட்டது. மலைநாட்டிலிருந்து தலைமன்னாரை நோக்கிச் சென்ற புகைவண்டியை மக்கள் ‘அழுகைக் கோச்சி’ என்றனர். தமையன் இங்கும் தம்பி அங்குமாகக் குடும்பங்கள் பிரிந்தன. கூத்துக் குழுக்களும் அவ்வாறே கலைந்தன. காமனாக ஆடியவன் போய்விட்டால் இரதியாகப் பாடுபவன் யாரை நோக்கிப் பாடுவான்? பாட்டைக் கேட்டு, ‘சென்ற ஆண்டைவிட இவ்வாண்டு நன்று’ என்று ஒப்புநோக்கிச் சொல்லும் பழைய இரசிகனும் போய்விட்டானே! கலைஞனை இழந்தால் ஒரு கலை தளரும். கேட்டு நினைவில் வைத்திருப்பவனை இழந்தால் அதன் வேரே அறும்.

சென்றவர்களுள் பலர் நீலகிரியில் குடியேறினர். தாயகம் திரும்பியோருக்கெனத் தமிழ்நாட்டு அரசு 1968இல் அங்கே தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. அதே செடி, அதே குளிர், அதே வேலை. அம்மலைகளிலும் இலங்கை வானொலி கேட்டது. விட்டு வந்த ஊரின் பெயர் அறிவிப்பாளர் வாயிலாக வந்து விழும்போது, பிரிந்தோருக்கு அதுவே கடிதமாயிற்று.

இன்று நிலைமை பலவாறு மாறியுள்ளது. 2003ஆம் ஆண்டின் சட்டம் எஞ்சியிருந்த நாடற்றோருக்கும் பிரஜாவுரிமை வழங்கிற்று. மலைநாட்டு மக்கள் குடியேறிய 200ஆம் ஆண்டு 2023இல் நினைவுகூரப்பட்டது. தோட்டங்கள் பலவற்றில் மாசி மாதத்தில் இன்றும் காமன் எரிகிறான், மீண்டும் எழுகிறான். ஆயினும் முழு இரவும் அமர்ந்திருந்து, அடியின் மாற்றத்தையும் குரலின் தளர்ச்சியையும் அறிந்து சொல்லும் முதியோர் தொகை குறைந்து வருகின்றது.

சி. வி. வேலுப்பிள்ளை செய்த பணிக்கு முடிவில்லை. ஒவ்வொரு தோட்டத்திலும் முதியோர் தாம் கேட்ட கூத்தையும் பாட்டையும் பற்றிச் சொல்ல, இளையோர் கேட்டெழுதுதல் வேண்டும். பாடினோரின் பெயரோடு தப்படித்தோரின் பெயரும் அவ்வேட்டில் இடம்பெறல் வேண்டும். திம்புள்ளயின் மக்கள் மண்டபம் இன்றியே இசையவை கண்டவர்கள். அவ்வவையின் நினைவுகளைக் காப்பதற்கும் மண்டபம் தேவையில்லை. அருகிருந்து கேட்கும் இரு செவிகளே போதும்.