ரைற் சட்டமும் காணி வரியும்

கலிபோர்னியாவில் ஆற்றுநீர், கரையோரக் காணியுடையோரின் உரிமையாக நெடிது நிலவிற்று. 1887ஆம் ஆண்டின் ரைற் சட்டம் அந்நீரை ஊரவர் பொதுவிற் பெற வழிகோலிற்று. வாக்களித்தோரில் மூன்றிலிரு பங்கினர் இசைந்தால் நீர்ப்பாசன மாவட்டம் அமையும். அது முறிகள் விற்று அணையும் வாய்க்காலும் அமைத்து, கடனைக் காணி வரியால் அடைக்கும். காணியற்ற பட்டினவாசிக்கும் வாக்குண்டு, வரியோ காணிக்காரனுக்கே! சட்டத்தின் வலிமையும் வில்லங்கமும் இவ்விடத்தேதான் உள்ளன. மழையை நம்பிக் கோதுமை விளைத்த பெருநிலக்காரர் வெகுண்டதில் வியப்பென்ன? வழக்குகள் பெருகின, முறிகள் விலைபோகவில்லை. 1896இல் ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றபோதிலும், மாவட்டங்கள் பல அதற்குள் நலிந்துவிட்டன. முதன்முதல் அமைந்த ரேர்லொக் மாவட்டம் தப்பிப்பிழைத்தது. அங்கு நீர் பாய்ந்தபின், கோதுமைப் பெருநிலங்கள் சிறுசிறு தோட்டங்களாய்த் துண்டிடப்பட்டு, புதுக் குடியேற்றவாசிகளுக்கு விற்கப்பட்டன.