கிரியேட்டினின் கணக்கும் ஓசூர்த் தொழிலாளியின் உடலும்

ஓசூர் சிப்காட்டில் எந்திரம் ஓட்டும் 28 வயது இளைஞர் ஒருவர். தளிப் பக்கம் பசுமைக்குடிலில் ரோஜா வெட்டும் 55 வயதுப் பெண் ஒருவர். இருவருக்கும் இரத்தத்தில் கிரியேட்டினின் என்ற தசைக்கழிவு 1.2 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வரம்பை அச்சிடும் ஆய்வகச் சீட்டில் இரண்டுமே 'நார்மல்'. இன்று பரவலாகப் புழங்கும் 2021ஆம் ஆண்டுச் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால் இளைஞரின் சிறுநீரகம் நிமிடத்துக்கு 84 மில்லிலிட்டர் வடிகட்டுகிறது. அந்தப் பெண்ணுடையது 53. அறுபதுக்குக் கீழே மூன்று மாதம் நீடித்தால் அது நாள்பட்ட சிறுநீரக நோய். ஒரே எண் இப்படி இரண்டு தீர்ப்புகளாகப் பிரிவது ஏன் என்பதற்கு விடை, நேரடி அளவையைக் கைவிட்டு மதிப்பீட்டுக்கு மருத்துவம் மாறிய வரலாற்றில் இருக்கிறது.

மாக்ஸ் யாஃபே 1886இல் சிறுநீருடன் பிக்ரிக் அமிலத்தையும் காரத்தையும் சேர்த்தபோது கரைசல் செம்மஞ்சளாக மாறியது. அதற்குக் காரணம் கிரியேட்டினின் என்று கண்டதோடு அவர் நின்றுவிட்டார். அந்த நிறத்தின் அடர்த்தியை அளவுகோலாக்கி, 1904இல் அதை ஒரு பரிசோதனையாக வளர்த்தவர் ஓட்டோ ஃபோலின். நூற்றாண்டு கடந்தும் மலிவு காரணமாக இந்த முறையே பல ஆய்வகங்களில் ஓடுகிறது. ஆனால் பிக்ரிக் அமிலம் கிரியேட்டினினோடு மட்டும் வினைபுரிவதில்லை. இரத்தத்திலுள்ள புரதமும் சர்க்கரையும் கீட்டோனும்கூட நிறத்தைக் கூட்டிக் காட்டும். நொதி முறையில் இந்தக் குழப்பம் குறைவு, செலவு அதிகம்.

தசையிலிருந்து வரும் கிரியேட்டினினைச் சிறுநீரகம் எவ்வளவு வேகமாக வெளியேற்றுகிறது என்பதை அறிய, ஒரு நாள் முழுவதும் கழிக்கும் சிறுநீரைக் கேனில் பிடித்து, இரத்த அளவோடு ஒப்பிட வேண்டும். 1926இல் டென்மார்க்கின் ரேபெர்க் கிரியேட்டினினை வைத்துச் செய்த அளவீட்டிலிருந்து வளர்ந்த இந்த வழி பின்னர் மருத்துவமனை வழக்கமாயிற்று. மூன்று ஷிஃப்டில் உழைக்கிற ஊரில் 24 மணி நேரச் சிறுநீரை யார் சொட்டு விடாமல் சேர்ப்பார்கள்? படுக்கையில் கிடக்கும் நோயாளிக்கே அது சரியாக வருவதில்லை.

அந்தத் தொல்லையிலிருந்து தப்பிக்கப் பிறந்தவைதான் சூத்திரங்கள். கனடாவின் காக்ராஃப்ட்டும் கால்ட்டும் 1976இல் 249 ஆண்களின் தரவிலிருந்து வயது, எடை, கிரியேட்டினின் மூன்றையும் இணைத்து ஒரு கணக்கைத் தந்தார்கள். பெண்களுக்கு 15 சதவீதம் கழித்துக்கொள்ளச் சொன்னார்கள். பெண்களை அளக்காமலே சொன்னது அது. 1999இல் அமெரிக்க நோயாளிகள் 1,628 பேரை வைத்து வந்த சூத்திரத்தில் எடைக்கு இடமில்லை. 2009இல் அது மேம்பட்டது. 2021 செப்டம்பரில், கறுப்பின மக்களுக்குத் தனிப் பெருக்கெண் போட்டுவந்த வழக்கம் நீக்கப்பட்டது.

அமெரிக்காவுக்கு அது நியாயமான திருத்தம். நமக்கோ அதில் ஒரு பக்கவிளைவு உண்டு. பழைய கணக்கில் இந்தியர்கள் வெள்ளையரோடு ஒரே தொகுதியில் இருந்தார்கள். புதிய சூத்திரம் அந்தத் தொகுதியின் எண்ணைச் சற்று உயர்த்துகிறது. மேலே சொன்ன பெண்ணுக்கு 2009 கணக்குப்படி 51, இப்போது 53. ஆனால் சண்டிகரில் இன்யூலின் என்ற பொருளைச் செலுத்தி இந்தியர்களின் வடிகட்டும் வீதத்தை நேரடியாக அளந்து 2018இல் வெளியான ஆய்வு, கிரியேட்டினின் சூத்திரங்கள் ஏற்கெனவே நம் வீதத்தை மிகையாகச் சொல்வதாகக் கண்டது. தசை குறைந்த, இறைச்சி குறைவாக உண்ணும் உடல் கிரியேட்டினினையும் குறைவாகவே உண்டாக்கும். சூத்திரம் அதைச் சிறுநீரகத்தின் திறமை என்று எடுத்துக்கொள்கிறது. பிழை ஏற்கெனவே எந்தப் பக்கம் சாய்ந்திருந்ததோ அந்தப் பக்கமே திருத்தமும் நகர்ந்திருக்கிறது என்பது என் கணிப்பு.

தமிழ்நாட்டில் சிறுநீரக நோயை வீடு தேடிப் போய்க் கண்டறியும் முயற்சி இரத்தத்தில் தொடங்கவில்லை. டாக்டர் எம்.கே. மணியின் சென்னை அறக்கட்டளை ஸ்ரீபெரும்புதூர் வட்டாரக் கிராமங்களில் பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண்களை அனுப்பியது. சிறுநீரில் சல்ஃபோசாலிசிலிக் அமிலத்தை விடுவார்கள். கலங்கினால் புரதம் போகிறது என்று பொருள். இரத்த அழுத்தமும் பார்ப்பார்கள். கோளாறு தென்பட்டவர்களுக்குத்தான் அடுத்தகட்டப் பரிசோதனை. மலிவான அந்த வரிசைமுறை இன்றும் சரியானது என்றே நினைக்கிறேன், ஏனெனில் சிறுநீரில் புரதம் போவது பல நேரங்களில் கிரியேட்டினின் ஏறுவதற்கு வெகு முன்பே தெரிந்துவிடும்.

தமிழ்நாடு அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியது கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில். சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளோடு, வயிற்றுவழி டயாலிசிஸுக்கான திரவப் பைகளும் வீட்டுக்கு வந்தன. நோயின் முதல் படிக்கும் கடைசிப் படிக்கும் அரசு வாசல் வரை வந்துவிட்டது. மதிப்பீட்டு எண் உதவ வேண்டியது நடுப்படிகளில்.

ஓசூர் வட்டாரத்துக்கென்று இரண்டு சிக்கல்கள் உண்டு. ஒன்று தண்ணீர். ஃபுளோரைடு மிகுந்த கிணறுகளுக்கு மாற்றாக ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் திறக்கப்பட்டது. ஃபுளோரைடை வெளியேற்றுவது பெரும்பாலும் சிறுநீரகமே. அது பழுதானால் ஃபுளோரைடு எலும்பில் கூடுதலாகத் தங்கும். மற்றொன்று வெப்பம். உலை, வார்ப்பகம், பிளாஸ்டிக் கூரைப் பசுமைக்குடில் என்று வேர்த்து உழைக்கும் உடலில் நீர் வற்றினால் கிரியேட்டினின் தற்காலிகமாக ஏறும். சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தின் வித்யா வேணுகோபால் குழு உப்பளத் தொழிலாளர்களிடம் வெப்பச்சுமையையும் சிறுநீரகச் செயல்பாட்டையும் சேர்த்தே ஆராய்ந்தது. சூத்திரங்கள் எல்லாமே கிரியேட்டினின் நிலையாக இருப்பதாக எண்ணிக்கொள்கின்றன. நைட் ஷிஃப்ட் முடிந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் மருத்துவ வண்டியில் கை நீட்டியவரிடம் அந்த நிலை இருக்காது.

எல்லைப்பகுதிக்கே உரிய இன்னொன்றும் உண்டு. சென்ற வருடம் கர்நாடகப் பக்கம் அத்திப்பள்ளியில் ஒரு ஆய்வகம், இந்த வருடம் ஓசூரில் இன்னொன்று, 1.1 என்றிருந்தது 1.3 ஆனால் வீட்டில் கலக்கம். பிக்ரிக் முறையிலிருந்து நொதி முறைக்கு, அல்லது ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்கு மாறினாலே எண் சற்று நகரும். இதைக் கட்டுக்குள் வைக்க, வேலூர் சி.எம்.சி. நாடு முழுவதுமுள்ள ஆய்வகங்களுக்கு மாதிரிகளை அனுப்பி முடிவுகளை ஒப்பிடும் தர மதிப்பீட்டுத் திட்டத்தை நடத்திவருகிறது. தொழிலாளி கையிலுள்ள இரண்டு சீட்டுகளை ஒப்பிட வேண்டுமானால், அவற்றில் மூன்று விவரங்களாவது இருக்க வேண்டும்: எந்த முறையில் அளந்தது, எந்தச் சூத்திரத்தில் கணக்கிட்டது, எத்தனை மணிக்கு இரத்தம் எடுத்தது.