புனே சந்தைக் கமிட்டி: 18 இடங்களில் பெண்களுக்கு 2 மட்டும் ஏன்?

புனேயின் கோந்த்வாவில் தள்ளுவண்டியில் வெங்காயம் வாங்குகிறீர்கள் என்றால், அது குல்டேக்டி மார்க்கெட் யார்டு வழியாக வந்திருக்க வாய்ப்பு அதிகம். அந்த யார்டை நடத்தும் வேளாண் விளைபொருள் சந்தைக் கமிட்டிக்கு ஏறத்தாழ 20 ஆண்டுகள் கழித்து 2023 ஏப்ரலில் தேர்தல் நடந்தது. மொத்தம் 18 இடங்கள். பெண்களுக்கு ஒதுக்கப்பட்டவை 2.

அதாவது 11 சதவீதம். ஆனால் 2023-24 தொழிலாளர் கணக்கெடுப்பின்படி, கிராமப்புறத்தில் வேலை செய்யும் பெண்களில் 100-க்கு சுமார் 77 பேர் விவசாயத்தில்தான் இருக்கிறார்கள்.

பொது இடங்களில் பெண்கள் நிற்கலாமே என்று கேட்பீர்கள். சட்டம் தடுக்கவில்லை. சிக்கல் வாக்காளர் பட்டியலில் இருக்கிறது. 18-இல் 11 இடங்களுக்கு, பெண்களுக்கான அந்த 2 உட்பட, ஓட்டுப் போடுவது ஊர்க் கடன் சங்கங்களின் நிர்வாகக் குழுவினர். சங்கத்தில் சேர நிலம் பெயரில் இருக்க வேண்டும். மகாராஷ்டிராவில் அதற்கான ஆவணம் 'சாத்-பாரா'. நம்ம ஊர் பட்டா, சிட்டா மாதிரி. 2015-16 வேளாண் கணக்கெடுப்பில், இந்திய அளவில் நிலம் வைத்துப் பயிரிடுவோரில் பெண்கள் சுமார் 14 சதவீதம்தான். களை எடுப்பவர் வேறு, பட்டாவில் இருப்பவர் வேறு. பிறகு ஓட்டு எங்கிருந்து வரும்?

கூட்டுறவுச் சங்கங்களிலும் இதே '2' தான். 97-வது அரசியல் சட்டத் திருத்தம் 21 இயக்குநர்கள் வரை அனுமதித்து, பெண்களுக்கு 2 இடம் என்றது. மாநிலச் சங்கங்களைப் பொறுத்தவரை அந்தத் திருத்தத்தை 2021-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. மகாராஷ்டிரா தன் சொந்தச் சட்டத்தில் 2-ஐ வைத்திருக்கிறது. இதே மாநிலம்தான் 2011-இல் உள்ளாட்சிகளில் பெண்களுக்கு 50 சதவீதம் கொடுத்தது! ஊராட்சியில் பாதி, கடன் கொடுக்கும் சங்கத்தில் இரண்டு.

இந்த முடிச்சை மாநிலத்தின் விவசாயிகள் இயக்கமே முன்பு தொட்டிருக்கிறது. சரத் ஜோஷியின் ஷேத்கரி சங்கடனா, 1986 நவம்பரில் நாசிக் மாவட்டம் சாந்த்வடில் பெண் விவசாயிகள் மாநாடு நடத்தியது. 1989-இல் ஜள்காவ் மாவட்டம் வித்னேரில் பெண்கள் மட்டுமே கொண்ட அணி ஊராட்சியைப் பிடித்தது. அடுத்து வந்த 'லக்ஷ்மி முக்தி' இயக்கம், மனைவி பெயருக்கு நிலத்தை எழுதி வைக்கும்படி கணவர்களைக் கேட்டது. பின்னாளில் மனைவி பெயரையும் சாத்-பாராவில் சேர்க்க மாநில அரசே வழி செய்தது.

மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்ற சட்டம் மகாராஷ்டிராவில் 1994-இல் வந்தது. தமிழ்நாட்டில் அது 1989-லேயே வந்துவிட்டது. உங்கள் வீட்டுப் பட்டாவில் யார் பெயர் இருக்கிறது என்று ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.