சந்திரசேகர், சுப்பிரமணியன்: ஆய்வுப் படைப்புகளும் மேற்கோள் வரலாறும்

சுப்பிரமணியன் சந்திரசேகர் (1910–1995) கோட்பாட்டு இயற்பியலாளர், வானியற்பியலாளர். லாகூரில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர், சர் சி. வி. ராமன் இவருக்குச் சித்தப்பா. சென்னை மாநிலக் கல்லூரியிலும் கேம்பிரிட்ஜிலும் படித்தார். 1937 முதல் இறுதிவரை சிகாகோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். 1983இல் இயற்பியல் நோபல் பரிசை வில்லியம் ஃபௌலருடன் பகிர்ந்துகொண்டார். இவருக்குப் புகழ் தேடித் தந்த கட்டுரையைவிட, பிற துறையினர் எடுத்தாள்வது பெரும்பாலும் இவருடைய வேறு எழுத்துகளைத்தான்.

ஆய்வுப் பணி கல்லூரி நாட்களிலேயே தொடங்கிவிட்டது. 1928இல் ஜெர்மானிய இயற்பியலாளர் சாமர்ஃபெல்டு சென்னை வந்தபோது, மாணவரான சந்திரசேகர் அவரைச் சந்தித்துப் புதிய குவாண்டம் புள்ளியியலைப் பற்றித் தெரிந்துகொண்டார். அதை வைத்து எழுதிய கட்டுரையைக் கேம்பிரிட்ஜில் இருந்த இயற்பியலாளர் ரால்ஃப் ஃபௌலருக்கு அனுப்பினார். அது 1929இல் ராயல் சொசைட்டியின் இதழில் வெளியானது.

1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது போட்ட கணக்குதான் 'சந்திரசேகர் எல்லை'க்கு வித்து. 1931இல் அஸ்ட்ரோபிசிக்கல் ஜர்னலில் வந்த அந்தக் கட்டுரை இரண்டே பக்கம். அதில் வெண்குறு மீனின் (எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீனின்) உச்ச நிறை, அதாவது அந்த எல்லை, சூரியனைப்போல் 0.91 மடங்கு என்றிருக்கும். இன்று பாடநூல்கள் தரும் எண் 1.44. கணக்கில் பிழை இல்லை; விண்மீனின் உட்பொருளுக்கு அவர் அன்று எடுத்துக்கொண்ட சராசரி மூலக்கூறு எடை 2.5. அதை 2 என்று மாற்றினால் அதே சூத்திரம் ஏறத்தாழ 1.44ஐத் தந்துவிடும். 1935 ஜனவரி 11 அன்று லண்டன் ராயல் வானியல் கழகக் கூட்டத்தில் வானியற்பியலாளர் எடிங்டன் இம்முடிவை ஏளனம் செய்த கதை பலரும் எழுதியதுதான். சந்திரசேகர் வாதத்தை நீட்டவில்லை. 1939இல் விண்மீன் கட்டமைப்பைப் பற்றி ஒரு நூல் எழுதிவிட்டு வேறு துறைக்குப் போய்விட்டார். அதுவே பின்னர் வழக்கமாயிற்று. ஒரு துறையில் நுழைவார், சில ஆண்டுகள் தொடர்ந்து கட்டுரைகள் எழுதுவார், எல்லாவற்றையும் ஒரு பெரிய நூலாகக் கட்டுவார், பிறகு வெளியேறுவார்.

'சந்திரசேகர் எல்லை' என்பது பொதுச்சொல் ஆகிவிட்டதால், அதைப் பயன்படுத்தும் பலர் 1931ஆம் ஆண்டுக் கட்டுரையை அடிக்குறிப்பில் தருவதே இல்லை. நியூட்டன் விதிகளை எழுதுகிறவர் நியூட்டனுக்கு அடிக்குறிப்பா போடுகிறார்? ஆக, மிகப் பெரிய கண்டுபிடிப்பு மேற்கோள் கணக்கில் உரிய அளவுக்கு ஏறவில்லை.

கணக்கில் ஏறியது 1943இல் ரிவ்யூஸ் ஆஃப் மாடர்ன் ஃபிசிக்ஸ் இதழில் வந்த 89 பக்கக் கட்டுரை. இயற்பியலிலும் வானியலிலும் வரும் தற்செயல் நிகழ்வுகளை அது ஆராய்கிறது. அருகிலுள்ள விண்மீன்களின் ஈர்ப்பு ஒரு விண்மீனை எப்படித் தாறுமாறாக அலைக்கழிக்கிறது என்பது அவருக்கு வேண்டியிருந்த விடை. அதற்காகப் பிரௌனிய இயக்கம், கூழ்மத் துகள்களின் பரவல் என அடிப்படைக் கணிதம் முழுவதையும் முதலிலிருந்து விளக்கினார். விண்மீன்களைப் பற்றி அக்கறையே இல்லாத வேதியியலாளர்களும் உயிர் இயற்பியலாளர்களும் இன்றும் அதைச் சுட்டுகிறார்கள். கதிர்வீச்சுக் கடத்தல் பற்றிய 1950ஆம் ஆண்டு நூலுக்கும் இதே கதிதான்: வளிமண்டல அறிவியலாளர்களுக்கு அது மூலநூல், கணினி வரைகலையில் மேகத்தையும் புகையையும் உருவாக்குகிறவர்களும் அதை எடுத்தாள்கிறார்கள்.

சில ஆய்வுகள் நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தன. காந்தப்புலம் ஊடுருவும் சுழல் பாய்மம் நிலைகுலையும் விதத்தை 1959இல் ரஷ்யாவின் வெலிகோவும், 1960இல் சந்திரசேகரும் தனித்தனியே காட்டினர். 1961இல் வந்த அவருடைய பாய்ம நிலைப்புத்தன்மை நூலிலும் அது உண்டு. கருந்துளையைச் சுற்றும் வட்டிலிருந்து பொருள் உள்ளே விழுவது எப்படி என்ற புதிருக்கு இதுதான் திறவுகோல் என்பதை 1991இல் பால்பஸும் ஹாலியும் காட்டும்வரை வானியலாளர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. என்ரிகோ ஃபெர்மியுடன் 1953இல் எழுதிய கட்டுரையும் இப்படித்தான். விண்மீன் ஒளியின் முனைவாக்கத் திசைகள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதிலிருந்து விண்வெளிக் காந்தப்புலத்தின் வலிமையை மதிப்பிடும் வழி அதில் இருக்கிறது. தூசு மேகங்களின் முனைவாக்கத்தை அளக்கும் கருவிகள் பெருகிய பிறகு அதற்கு மறுவாழ்வு கிடைத்தது.

1952 முதல் 1971 வரை அஸ்ட்ரோபிசிக்கல் ஜர்னலின் ஆசிரியராக இருந்து, பல்கலைக்கழக இதழாக இருந்ததை அமெரிக்க வானியல் கழகத்தின் இதழாக வளர்த்தார். எந்த மேற்கோள் எண்ணிலும் அடங்காத தொண்டு இது.

அந்த எண்களைப் பொறுத்தவரை, யூஜின் கார்ஃபீல்டின் அறிவியல் மேற்கோள் சுட்டெண் வெளிவரத் தொடங்கியது 1964இல். ஜார்ஜ் ஹிர்ஷ் எச்-சுட்டெண்ணை முன்மொழிந்தது 2005இல். எச்-சுட்டெண் 50 என்றால், குறைந்தது 50 முறையாவது சுட்டப்பட்ட கட்டுரைகள் 50 இருக்கின்றன என்று பொருள். அந்த வரம்பைத் தாண்டிவிட்ட ஒரு கட்டுரை நூறு முறை சுட்டப்பட்டாலும் ஆயிரம் முறை சுட்டப்பட்டாலும் அதில் வேறுபாடில்லை. கட்டுரைகளை மட்டுமே எண்ணினால் நூல்களும் விடுபட்டுப்போகும். பல ஆண்டு உழைப்பை நூல்களில் திரட்டி வைத்த சந்திரசேகரை அளக்க அது ஏற்ற கோல் அல்ல.