தனித்து ஓடும் சோதனை

1990-களின் தொடக்கத்தில் பல மென்பொருள் நிறுவனங்களில் சோதனை என்றால் புரோகிராமை ஓட்டித் திரையில் பட்டன்களைத் தட்டிப் பார்ப்பதுதான். கொஞ்சம் வசதி இருந்தால், அந்தத் தட்டல்களைப் பதிவு செய்து மறுபடி ஓட்டுவார்கள். ஒரு பட்டன் இடம் மாறினால் போதும், பதிவு செய்த சோதனை படுத்துவிடும்.

ஸ்மால்டாக் மொழியில் வேலை செய்துவந்த அமெரிக்கர் கென்ட் பெக்குக்கு இந்த முறை பிடிக்கவில்லை. புரோகிராம் எழுதுகிறவரே, அதே மொழியில் சோதனையையும் எழுத வேண்டும் என்று 1994-ல் ஒரு கட்டுரையில் வாதிட்டார். அந்த யோசனையிலிருந்து பிறந்ததுதான் எஸ்யூனிட். இன்று யூனிட் டெஸ்ட் எழுதும் பலரும் பின்பற்றும் அமைப்புக்கு அதுவே மூலம்.

எஸ்யூனிட்டோடு வழங்கிவரும் உதாரணம் மிகச் சிறியது. ஒரு காலித் தொகுப்பு, ஏற்கெனவே சில மதிப்புகள் போட்டுவைத்த இன்னொரு தொகுப்பு. முதல் சோதனை, காலித் தொகுப்பில் 5 என்ற எண்ணைச் சேர்த்துவிட்டு, அது உள்ளே இருக்கிறதா என்று கேட்கிறது. மற்றொன்று, நிரம்பிய தொகுப்பிலிருந்து ஒரு மதிப்பை நீக்கிப் பார்க்கிறது. முதல் சோதனை போட்ட 5 அங்கேயே தங்கிவிட்டால், காலித் தொகுப்பை நம்பி வரும் அடுத்த சோதனை காரணமே இல்லாமல் தோற்கும். அதனால் ஒவ்வொரு சோதனைக்கு முன்பும் 'செட்அப்' ஓடி, இரண்டு தொகுப்புகளையும் புதிதாக உருவாக்கும். யூனிட் டெஸ்ட் வரலாற்றில் முக்கியமான முடிவுகளில் இதுவும் ஒன்று.

1997-ல் ஊப்ஸ்லா என்ற மென்பொருள் மாநாட்டுக்காக பெக்கும் இன்னொரு புரோகிராமரான எரிக் காமாவும் சூரிக்கிலிருந்து அட்லாண்டாவுக்குப் பறந்தார்கள். அந்த விமானப் பயணத்தில் இருவரும் சேர்ந்து ஜாவாவுக்காக எழுதியது ஜேயூனிட். அதுவும் ஒவ்வொரு டெஸ்ட் மெத்தடுக்கும் ஒரு புதிய ஆப்ஜெக்டை உருவாக்கியது. எல்லாம் தேறினால் பச்சைக் கோடு, ஒன்று தவறினாலும் சிவப்பு.

ஒரு சோதனைக்குள் வரிகள் எந்த வரிசையில் இருக்க வேண்டும் என்பதற்குப் பெயர் வைத்தவர் பில் வேக். 2001-ல் அவர் அதை 'அரேஞ்ச், ஆக்ட், அசெர்ட்' என்றார். முதலில் தேவையானதைத் தயார் செய், பிறகு சோதிக்க வேண்டிய ஒரே செயலைச் செய், கடைசியில் விளைவைச் சரிபார். 2007-ல் ஜெரார்ட் மெசாரோஸ் தன் புத்தகத்தில், பயன்படுத்தியதை அப்புறப்படுத்தும் கட்டத்தையும் சேர்த்து நான்காக விவரித்தார். டான் நார்த் பரப்பிய 'கிவன், வென், தென்' வடிவமும் ஏறக்குறைய இதே ஒழுங்குதான்.

ஆனால் வரிகளை மூன்றாகப் பிரித்துவிட்டால் மட்டும் சோதனை நம்பகமாகிவிடாது. டாட்நெட் உலகத்துக்காக 2002-ல் வந்த என்யூனிட் 2.0 இதற்குச் சாட்சி. அதில் ஒரு கிளாஸில் உள்ள சோதனைகள் அனைத்துக்கும் ஒரே ஆப்ஜெக்ட். ஒரு சோதனை ஏதாவது ஒரு ஃபீல்டில் விட்டுச்சென்ற மதிப்பு அடுத்த சோதனையின் கண்ணில் படும். மொத்தமாக ஓட்டினால் தேறுகிற சோதனை தனியாக ஓட்டினால் தோற்கலாம். பிழையைத் தேடுகிறவர், தவறே இல்லாத புரோகிராமில் மணிக்கணக்கில் அலைவார்.

என்யூனிட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜேம்ஸ் நியூகிர்க், அது தாங்கள் செய்த பெரிய தவறு என்று பின்னாளில் வெளிப்படையாகவே எழுதினார். எழுதியதோடு நிற்கவும் இல்லை. பிராட் வில்சனுடன் சேர்ந்து எக்ஸ்யூனிட் டாட்நெட்டை உருவாக்கினார். அதில் ஒவ்வொரு சோதனைக்கும் புது ஆப்ஜெக்ட். தனியாக 'செட்அப்' கிடையாது, அந்த வேலையைக் கன்ஸ்ட்ரக்டரே செய்துவிடும். சொந்தத் தவறை இப்படிக் கருவியாகவே திருத்திக் காட்டியவர்கள் இந்தத் துறையில் அதிகம் இல்லை.

என்யூனிட்டும் 3.13 பதிப்பில் சோதனைக்கு ஒரு புது ஆப்ஜெக்ட் என்ற வசதியைக் கொடுத்தது. ஆனால் நாமாகக் கேட்டால்தான் அது கிடைக்கும். என்யூனிட்டில் வேலை செய்கிறவர்கள் தங்கள் புராஜெக்டில் அந்த அமைப்பு இருக்கிறதா என்று ஒருமுறை திறந்து பார்த்துவிடுவது நல்லது.